மூன்று தட்டு இருக்கிறது, கூடை இல்லை: கடலூரில் டிஸ்க் கோல்ஃப் ஆட வழி உண்டா?

பூப்பந்து61 (கடலூர் புதுநகர்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 61. தபால்காரனாகச் சேர்ந்து போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் மஞ்சக்குப்பத்தில் பூப்பந்து ஆடினேன். மூன்று வருடம் முன்பு வலது முழங்கால் மக்கர் பண்ணியது, மட்டையைச் சுவரில் மாட்டிவிட்டேன். அதன்பிறகு காலையில் நடை மட்டும்தான். ஒரே வட்டத்தை இருபது முறை சுற்றுவது எப்படிப்பட்ட கொடுமை என்று நடக்கிறவர்களுக்குத் தெரியும்.

இந்த வருடம் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். வட கரோலினா, சார்லட் நகரம். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பொதுப் பூங்கா. அதில் அங்கங்கே இரும்புக் கம்பம், மேலிருந்து சங்கிலிகள் தொங்க, கீழே ஒரு கம்பிக் கூடை. முதல் வாரம் அதைக் குப்பைக் கூடை என்று நினைத்து வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டேன். பேத்தி பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். அது டிஸ்க் கோல்ஃப் கூடையாம்.

மறுநாள் மாப்பிள்ளை அழைத்துப் போனார். கோல்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் பறக்கும் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் கூடை. ஒரு இடத்தில் நின்று எறிய வேண்டும். தட்டு எங்கே விழுகிறதோ அங்கிருந்து அடுத்த வீச்சு. கூடையில் விழும்வரை எத்தனை வீச்சு என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும், குறைவாக எடுத்தவர் ஜெயித்தார். அந்தப் பூங்காவில் ஒன்பது கூடைதான். முதல் கூடை 45 மீட்டர் இருக்கும், அதாவது ரெண்டு பூப்பந்து கோர்ட்டை நீளவாக்கில் சேர்த்துப் போட்டால் எவ்வளவோ அதற்குக் கொஞ்சம் கம்மி. அதிக தூரமே 70 மீட்டர்தான். கட்டணம் கிடையாது. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஆடினாள். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். என் முழங்காலுக்கென்றே யாரோ கண்டுபிடித்த ஆட்டம் போலிருந்தது.

எல்லாக் கூடைக்கும் மூன்று வீச்சு கணக்கு, மொத்தம் 27. முதல் நாள் நான் 49. நாலாவது கூடை ஒரு சின்ன ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கே ஒன்பது போட்டேன், பேத்தி விரல்விட்டு எண்ணினாள். ஆனால் ஏழாவது கூடையில் ஆறு அடி தூரத்திலிருந்து வீசிய தட்டு சங்கிலியில் பட்டு உள்ளே விழுந்தது பாருங்கள், கிணற்றில் வாளியை விட்டால் சங்கிலி ஓடுமே, அந்தச் சத்தம். அதற்கப்புறம் மூன்று மாதத்தில் ஒரு நாள் விடவில்லை. கிளம்பும்போது என் கணக்கு 35.

மாப்பிள்ளை மூன்று தட்டு வாங்கிக் கொடுத்து அனுப்பினார். தூரத்துக்கு ஒரு டிரைவர், நடுத்தர தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், கிட்டே நின்று கூடையில் போட ஒரு பட்டர். (பட்டர் என்றதும் எனக்குத் திருவந்திபுரம் கோயில்தான் நினைவுக்கு வந்தது.) இங்கே எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பூங்கா இருக்கிறது. ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது, நாங்கள் இன்னும் நகராட்சிப் பூங்கா என்றுதான் சொல்கிறோம். போன வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய், வேப்பமரத்தைக் கூடையாக நினைத்து டிரைவரை எடுத்து இழுத்து வீசினேன். அது காற்றாடி மாதிரி மேலே போய், அங்கேயே ஒரு நொடி நின்று, இடது பக்கம் சரிந்து, யோகா செய்துகொண்டிருந்தவர்களின் பாய் மேல் வந்து உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. காவலாளி வந்து, பந்து ஆடக் கூடாது என்று போர்டு இருக்கிறதே என்றார். இது பந்தில்லையே என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

இப்போது என் கேள்வி. கடலூர், புதுச்சேரி பக்கம் யாராவது இதை ஆடுகிறீர்களா? கூடை இல்லாமல் ஒழுங்காக ஆட வழி உண்டா? அப்புறம் அங்கே நேராகப் போன தட்டு இங்கே ஏன் இப்படி வானத்துக்குப் போகிறது?

லாஸ்பேட்டை_லெஃப்டி எழுதியது:

அங்கிள், நான் புதுச்சேரி. அல்டிமேட் ஃபிரிஸ்பீ (ரெண்டு அணி தட்டை எறிந்து பிடித்து ஆடுவது) ஆடுகிற ஆள், டிஸ்க் கோல்ஃப் பெங்களூரில் வேலை பார்த்தபோது நண்பர்களோடு கொஞ்ச நாள் ஆடியிருக்கிறேன். கூடையெல்லாம் கிடையாது, தண்ணீர் கேனைக் குறிவைத்துத்தான். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் மூன்று தப்பு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

முதல் தப்பு டிரைவர். உங்கள் தட்டின் மேல் நாலு எண் அச்சடித்திருக்கும், பாருங்கள். முதல் எண் வேகம். டிரைவரில் 11, 12 என்று இருக்கும், பட்டரில் 2 அல்லது 3. வேகம் 12 என்றால் அந்தத் தட்டு வேகமாகப் போகும் என்று அர்த்தமில்லை, அவ்வளவு வேகமாக எறிந்தால்தான் அது ஒழுங்காகப் பறக்கும் என்று அர்த்தம். அந்த வேகம் நமக்கு வராது. வராதபோது அது உடனே இடது பக்கம் சரிந்துவிடும். (வலது கைக்காரர்களுக்கு இடது. எனக்கு எல்லாமே வலது. ஒரு வீடியோ பார்த்தாலும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.) டிரைவரைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். 60 மீட்டருக்குள் எல்லாவற்றுக்கும் பட்டர் ஒன்றே போதும். சார்லட்டில் 35 போட்டபோது நீங்கள் எதை அதிகம் எறிந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, தட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறது. கையை விட்டுப் போகும்போது முன்விளிம்பு கொஞ்சம் நிமிர்ந்திருந்தால் போதும், நீங்கள் சொன்ன காற்றாடிதான். பூப்பந்தில் பந்தை அடியிலிருந்து தூக்கி அடித்த பழக்கம் உங்கள் மணிக்கட்டில் இருக்கும் என்று சந்தேகம். தட்டின் மேல் டபரா டம்ளரோடு காபி இருக்கிறது, ஒரு சொட்டு சிந்தாமல் நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துவர வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை மேலே நன்றாக அழுத்துங்கள். வலுவில் பாதி போதும். சுழற்சிதான் தட்டைத் தாங்குகிறது, தோள் வலு இல்லை.

மூன்றாவது, சாயங்காலம் ஐந்து மணி. நம் கரையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும். நீங்கள் கிழக்கே பார்த்து எறிந்திருந்தால் காற்று நேராக மூக்கில். எதிர்காற்று, தட்டில் இருக்கிற ஒவ்வொரு கோணலையும் பெரிதாக்கிக் காட்டும். பின்காற்று என்றால் சீக்கிரம் கீழே அமுக்கிவிடும். நாங்கள் ஹெலிபேட் மைதானத்துக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுவோம். அப்போது காற்று இருக்காது, இருந்தாலும் மேற்கிலிருந்து லேசாக. எட்டு மணிக்கு மேல் அங்கே ஸ்கூட்டி பழகுகிறவர்கள் வந்துவிடுவார்கள், அது கடல்காற்றைவிட ஆபத்து.

புதுச்சேரிக்கு வந்தால் பாரதி பூங்கா பக்கம் மட்டும் தட்டோடு போகாதீர்கள். அவ்வளவு குழந்தைகள்.

நடைக்காரன் எழுதியது:

மன்னிக்கவும் சார், நான் எதிர்ப்பாகத்தான் சொல்வேன். நானும் பூங்காவில் நடக்கிறவன். ஏற்கெனவே கிரிக்கெட் பந்து, ஷட்டில், நாய். இப்போது தட்டு வேறு. அந்த டிரைவர் விளிம்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், சாப்பாட்டுத் தட்டு விளிம்பை விடக் கெட்டி. பாயில் விழுந்தது உங்கள் அதிர்ஷ்டம். யாருடைய நெற்றியிலாவது பட்டிருந்தால்?

நெல்லிக்குப்பம்_டு_டாம்பரே எழுதியது:

நடைக்காரன் அண்ணன் சொல்வது நியாயம். நான் ஆறு வருடமாக ஃபின்லாந்தில் இருக்கிறேன், இங்கே இந்த ஆட்டம் நம்ம ஊர் டென்னிஸ் பால் கிரிக்கெட் மாதிரி, எல்லா ஊரிலும் காட்டுக்குள் ஒரு மைதானம் இருக்கும், பெரும்பாலும் இலவசம். இங்கேயும் முதல் பழக்கம் இதுதான்: பாதையில் ஆள் தெரிந்தால் எறியக் கூடாது. அவர்கள் கடந்து போகும்வரை நிற்க வேண்டும். பூங்கா அவர்களுடையது, நாம் விருந்தாளி. தவறிப் போனால் கத்த வேண்டும். "தட்டு, தட்டு" என்று கத்தினால் நம்ம ஊரில் யாரும் குனிய மாட்டார்கள், அன்னதானம் என்று நினைப்பார்கள். "தலை, தலை" என்று கத்துங்கள்.

சார், கூடை இல்லாததற்குக் கவலையே படாதீர்கள். இந்த ஆட்டம் ஆரம்பித்ததே கூடை இல்லாமல்தான். மரம், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி, இதையெல்லாம் குறிவைத்துத்தான் முதலில் ஆடினார்கள். 1975ல் கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் வந்தபோதும் இலக்கு வெறும் கம்பம்தான். அதைப் போட்டவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீயை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்து 1967ல் காப்புரிமை வாங்கிய அதே ஆள். கம்பத்தில் பட்டது, படவில்லை என்று ஒரே சண்டை. சங்கிலியும் கூடையும் வந்தது அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான். சத்தம் கேட்டால் பட்டது, உள்ளே கிடந்தால் முடிந்தது. மனிதர் 2002ல் இறந்தபோது அவர் ஆசைப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள்.

மரத்தை இலக்காக வைத்தால் முன்கூட்டியே ஒன்று பேசிக்கொள்ளுங்கள்: முழங்காலுக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ் பட்டால்தான் கணக்கு. தரையில் உருண்டுபோய் மரத்தைத் தொட்டால் கிடையாது. இளம் மரம் வேண்டாம், பட்டை உரியும். அடையாளத்துக்குத் துணி கட்டுங்கள், ஆணி அடிக்காதீர்கள். ஒரு முக்கியமான விஷயம், வேப்பமரத்தில் மஞ்சள் துணி கட்டாதீர்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

தூரம் குறைவாக இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். இங்கே நான் முதல் வருடம் பெரிய மைதானங்களில் 120 மீட்டர் கூடைக்கெல்லாம் எறிந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, தோள்வலி மட்டும்தான் மிச்சம். அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற ஒன்பது கூடைச் சின்ன மைதானத்தில் ஒரு கோடை முழுக்க ஒற்றைப் பட்டரோடு ஆடினேன். 40 மீட்டருக்கு எறிந்து, கிட்டே நின்று, முடிப்பது. அந்தக் கிட்டே நின்று முடிப்பதில்தான் பாதி வீச்சு வீணாகிறது. இலக்கிலிருந்து 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் எறிந்தபிறகு முன்னால் விழுந்துவிடாமல் நிலையாக நிற்க வேண்டும் என்பது விதி. உங்கள் முழங்காலுக்கு அதுவே நல்ல பயிற்சி.

பனிக்காலத்தில் இங்கே தட்டு பனிக்குள் புதைந்து காணாமல் போகும், அதற்காகத் தட்டின் அடியில் ஒரு நீள ரிப்பன் ஒட்டி எறிவோம். கடலூரில் அந்தப் பிரச்சினை இல்லை. வெயிலில் வண்டி டிக்கியில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அப்பளமாக நெளிந்துவிடும்.

ரிம்_கடை (திருப்பாப்புலியூர்) எழுதியது:

எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. படம் பார்த்தேன். இது சைக்கிள் ரிம்.

மேலே 26 இன்ச் ரிம். அதில் 36 ஸ்போக் துளை இருக்கும். மூன்று துளைக்கு ஒன்று என்று கொக்கி மாட்டினால் 12 சங்கிலி தொங்கும். கீழே கூடைக்கு 28 இன்ச் பழைய ரிம், அது மேல் ரிம்மைவிட ஒரு சுற்று பெரிது, அதனால் தட்டு வெளியே விழாது. அடியில் கோழிக்கூண்டு வலை. நடுவில் ஒன்றேகால் இன்ச் ஜிஐ குழாய். பழைய பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றிக் குழாயை நட்டுவிட்டால் உருட்டிக்கொண்டே போகலாம். பழைய ரிம் என்னிடம் மூட்டைக் கணக்கில் கிடக்கிறது. சங்கிலி மட்டும் வாங்க வேண்டும். கூடை எவ்வளவு உயரம் என்று சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம்_டு_டாம்பரே எழுதியது:

அண்ணே, கூடையின் விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. அஞ்சு ஆறு செ.மீ. கூடக்குறைய இருக்கலாம். சங்கிலி ரொம்ப மெல்லிசு வேண்டாம், தட்டு ஊடுருவிப் போய்விடும். சேலை மாதிரி தளர்வாகத் தொங்கட்டும், இழுத்துக் கட்டினால் தட்டு எகிறி வெளியே வரும்.

பூப்பந்து61 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் செய்துபார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றிருந்தேன்.

டிரைவர் பீரோவில். லெஃப்டி சொன்ன டபரா டம்ளரை வீட்டு மொட்டை மாடியில் நிஜமாகவே வைத்துப் பார்த்தேன், காபி இல்லை, தண்ணீர்தான். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, கீழே போய்விட்டாள். நாலாவது நாள் தண்ணீர் சிந்தவில்லை. ஐந்தாவது நாள் பூங்காவில் பட்டர் நெஞ்சு உயரத்தில் நேராகப் போய், புல்லில் வழுக்கி, வாதாம் மரத்துக்கு மூன்று தப்படி முன்னால் நின்றது. சத்தமே போடாமல் நின்றது. இவ்வளவு மெதுவாக வீசியதற்கு இவ்வளவு தூரமா என்று எனக்கே சந்தேகம், காலால் அளந்தேன். ரெண்டு கோர்ட்.

நடைக்காரன் சார், உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது. அதனால் காலை ஐந்தே முக்காலுக்குப் போய் ஏழு மணிக்கு முடித்துவிடுகிறேன். நடைபாதைக்கு வெளியே உள்ள பக்கம் மட்டும், அதுவும் பட்டர் மட்டும். நடைபாதையில் விழுந்தால் ஒரு வீச்சு தண்டம் என்று நானே வைத்துக்கொண்டேன். காவலாளிக்கு ஒரு நாள் தட்டைக் கையில் கொடுத்தேன். அவர் இடது பக்கம் கொய்யாச் செடிக்குள் போட்டார், இன்னொன்று கேட்டார், அதையும் அங்கேயே போட்டார். இப்போது போர்டைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனாலும் பூங்கா அலுவலகத்தில் முறையாக ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முப்பத்தாறு வருடம் பிறர் மனுவைச் சுமந்தவன், என் மனுவும் ஒருநாள் போய்ச் சேரும்.

ஆறு இலக்கு வைத்திருக்கிறேன். வாதாம், விளக்குக் கம்பம், உடைந்த சறுக்குமரம், புங்கன், தண்ணீர்த் தொட்டித் தூண். ஆறாவதாக வேப்பமரம் இருந்தது. தம்பி சொன்னதை மறந்து, கையில் இருந்த மஞ்சப்பையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் மரத்தடியில் ஒரு அகல் விளக்கும் ரெண்டு எலுமிச்சம்பழமும் இருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை குங்குமம். இப்போது அந்தப் பக்கம் நான் தட்டை எடுத்துக்கொண்டே போவதில்லை.

அதற்குப் பதில்தான் ரிம் கடைக்காரரின் கூடை. போன ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். ரிம்முக்குக் காசு வாங்கவில்லை, சங்கிலிக்கும் கான்கிரீட்டுக்கும் மட்டும். முதல் வீச்சு அவர்தான் வீச வேண்டும் என்றேன். பத்தடியில் நின்று, சைக்கிள் டயரை மூலையில் வீசுகிற மாதிரி ஒரு வீச்சு, சங்கிலியில் பட்டு உள்ளே. கிணற்று வாளிச் சத்தம். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நாலு பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர், "இதில் துணி காயப்போட முடியுமா?" என்று கேட்டார். நான் வாழைப்பழத் தோல் போட்டவன், அவரை என்ன சொல்ல.

எட் ஹெட்ரிக் அஸ்தி விஷயத்தை வீட்டில் சொன்னேன். எனக்கு அதெல்லாம் வேண்டாம், தேவனாம்பட்டினம் கடலே போதும் என்றும் சொல்லிவைத்துவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். புங்கன் மரத்தடியில் யாரோ தினமும் இரண்டு ஆட்டைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். நேற்று என் தட்டு ஒரு ஆட்டின் முதுகில் பட்டுத் திசை மாறி வாய்க்கால் ஓரம் விழுந்தது. ஆட்டுக்கு ஒன்றுமில்லை, மெதுவான வீச்சு. இதற்கு விதி என்ன? மறுபடி எறியலாமா?

லாஸ்பேட்டை_லெஃப்டி எழுதியது:

இல்லை அங்கிள். ஆள் மேலோ விலங்கு மேலோ பட்டால் தட்டு எங்கே போய் நிற்கிறதோ அங்கிருந்துதான். தண்டம் கிடையாது. ஆனால் நின்றுவிட்ட தட்டை ஆடு கவ்விக்கொண்டு போனால், முதலில் கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்து ஆடலாம்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு நானும் தங்கையும் பஸ் ஏறுகிறோம். கூடையை மழையில் விடாதீர்கள், ரிம் துருப்பிடிக்கும்.

ரிம்_கடை (திருப்பாப்புலியூர்) எழுதியது:

துருப்பிடிக்காது. ரெட் ஆக்சைடு ரெண்டு கோட் அடித்துத்தான் கொடுத்திருக்கிறேன்.